புரசைவாக்கத்தில் ஒரு கவுன்சிலிங்: ஆறு தடவை போய் வந்த அனுபவம்

இடது கன்னத்திலிருந்து கண் இமை வரை எனக்குப் பிறவியிலேயே சிவப்பு மச்சம். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் வருவது. டாக்டர்கள் 'போர்ட் ஒயின் ஸ்டெயின்' என்பார்கள். மற்றவர்கள், "உங்கம்மா கிரகணத்துல வெளிய வந்தாங்களா?" என்பார்கள். 34 வயதாகியும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கவுன்சிலிங்குக்குப் போனேன்.

முதலில் குறைகள். மாடிப்படி செங்குத்து. காத்திருக்கும் இடத்தில் நேரெதிரே ஆளுயரக் கண்ணாடி, யார் யோசனையோ! ரிசப்ஷனில் இருந்த பெண் பெயரைக் கேட்பதற்குள் "தீக்காயமாக்கா?" என்றாள். அப்படியே இறங்கியிருப்பேன், 900 ரூபாய் முன்பே கட்டியாகிவிட்டது. 45 நிமிடத்துக்கு இது அதிகம்தான். முடியாதவர்களுக்கு அரசின் மனநல உதவி தொலைபேசி டெலி மானஸ், 14416, இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனால் அது எல்லா மனக்கஷ்டத்துக்குமான பொது எண்.

உள்ளே இருந்த மேடம், அழகு மனசில் இருக்கிறது என்ற வசனத்தைச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் எழுந்திருப்பேன்.) கடைசியாக யார் கேட்டார்கள், எங்கே வைத்து, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று துருவினார். துப்பட்டாவை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன் என்றேன்.

முகத்தில் தழும்போ மச்சமோ உள்ளவர்களுக்காகப் பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பு சொல்லித்தரும் முறை ஒன்றைப் பழக்கினார். ஒரு வரியில் விளக்கு, பயமில்லை என்று சொல், பேச்சை மாற்று. "பிறவி மச்சம்ங்க, வலிக்காது, இந்த பஸ் லஸ் வழியாப் போகுமா?" பத்து தடவையாவது சொல்லிப் பார்த்திருப்போம். கேள்வி கேட்கும் மாமியாக மேடம் நடித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

வீட்டுப்பாடம்: பெரம்பூரில் 29சி பஸ் ஏறி, முகத்தை மூடாமல் பெசன்ட் நகர் வரை. பிங்க் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்த மட்டும் லாபம். முதல் வாரம் ஜெமினியிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த வாரம் அடையாறு. மூன்றாம் வாரம் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்த பாட்டி அதே கிரகணக் கேள்வியைக் கேட்டார்.

"கிரகணமெல்லாம் இல்ல பாட்டி, ரத்தக்குழாய். ஒண்ணும் பண்ணாது. பூ முழம் எவ்வளவு?"

நாற்பதாம். கொள்ளை. இரண்டு முழம் வாங்கினேன்.