பழுது பார்த்த பேஸ் அம்ப்: பல்ப் பெட்டியா, வேரியாக்கா?

அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர் மாற்றிய ஒரு பேஸ் கிட்டார் அம்பை (அம்ப்ளிஃபயரை) முதல் தடவை கரண்டில் போட எங்கள் ஹட்டன் பக்கம் இரண்டு வழிகளைத்தான் சொல்வார்கள். ஒன்று, இழை பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பது. மற்றது, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ட்ரான்ஸ்போமரான வேரியாக்கில் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவது. தோட்டத்துத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற பையன்களின் அம்புகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு நான் பல்ப் பக்கம் போய்விட்டேன். வேரியாக்கைக் கேட்டு வாங்கித்தான் பாவித்திருக்கிறேன், அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாயும்.

விலையைப் பற்றிப் பேசத் தேவையில்லை. ஒரு ஹோல்டர், ஒரு சொக்கட், ஒரு பெட்டி, அவ்வளவுதான். லைவ் வயர் பல்ப் வழியாகப் போக வேண்டும், எர்த் வயர் எங்கும் அறுபடாமல் அம்ப் வரைக்கும் போக வேண்டும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது, இழை உள்ளதுதான் வேண்டும். கடையில் இல்லையென்றால் கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்களிடம் கேளுங்கள், சூட்டுக்காக 100 வாட் பல்ப் வைத்திருப்பார்கள்.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: உள்ளே ஷோர்ட் இருந்தால் கரண்டை யார் நிறுத்துவது? வேரியாக் வோல்டேஜைக் குறைக்கிறதே ஒழிய கரண்டுக்கு எல்லை போடுவதில்லை. அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே நீங்கள்தான் திருப்ப வேண்டும், முள் எகிறியதும் கை பின்னால் வர வேண்டும், அதற்குள் புது ட்ரான்ஸிஸ்டர் போய்விடலாம். இன்னொரு சிக்கல், பாதி வோல்டேஜில் அம்பின் முன்பகுதி சரியாக விழித்திருக்காது. 80, 100 வோல்ட் வரை அமைதியாக இருந்துவிட்டு மேலே போனதும் கோளாறு காட்டலாம், அந்த நேரம் நடுவில் தடுக்க ஒன்றுமே இல்லை. பல்ப் அப்படியில்லை. 230 வோல்ட்டில் 100 வாட் பல்ப், முழு ஷோர்ட் ஆனாலும், இழை சூடானதும் 0.43 அம்பியருக்கு மேல் விடாது, நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாலும் விடாது. இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதனால் நல்ல அம்புக்குக் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் கிடைத்துவிடும். போட்டவுடன் பளிச்சென்று எரிந்து கப்பாசிட்டர் நிரம்பியதும் மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்தி மறுபடி உள்ளே பாருங்கள்.

மங்கியதும் ஸ்பீக்கரை மாட்டிவிடாதீர்கள். அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, வோல்ட் கணக்கில் நின்றால் ஸ்பீக்கர் கொயில் கருகும்.

பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்ஸிஸ்டரில் ஓடுகிற சிறு கரண்ட், வைக்கும்போது இரண்டு கருவியும் ஒதுங்கிவிட வேண்டும். பல்ப் தொடரில் இருக்கும்போதே ட்ரிம்பொட்டை (பயஸைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ரெசிஸ்டரை) திருப்பி அளவு பிடித்தால், பல்பை எடுத்ததும் கரண்ட் கூடிவிடும். ஆகவே பயஸை ஆகக் குறைவில் வைத்து, பல்ப் சோதனை தேறிய பிறகு, சரியான பியூஸோடு நேராக மெயின்ஸில் போட்டு, சிக்னலும் லோடும் இல்லாமல் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவில் மில்லிவோல்ட் பாருங்கள். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 5 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 23 மில்லிஅம்பியர். எவ்வளவு வேண்டும் என்பதை அந்த அம்பின் சர்வீஸ் மனுவல் சொல்ல வேண்டும், என் கணக்கை எல்லா அம்புக்கும் போடாதீர்கள்.

இந்த இடத்தில் மலைநாட்டுக் குளிர் விளையாடும். ட்ரான்ஸிஸ்டரின் பேஸ் முனைக்கும் எமிட்டர் முனைக்கும் நடுவிலுள்ள வோல்டேஜ் ஒரு பாகை சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் அளவு குறையும், அதனால் சூடு கூடினால் கரண்ட் ஏறப் பார்க்கும். நுவரெலியாவில் காலைக் குளிரில் திறந்த பெட்டியோடு பயஸ் வைத்த அம்பைக் கொழும்பில் 30 பாகையில் வாசித்தால், பயஸைக் கட்டுப்படுத்துகிற பயஸ் ட்ரான்ஸிஸ்டர், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கோடு ஒட்டியிருந்தால் அதுவே சமாளிக்கும். பழுது பார்க்கும்போது அதைக் கழற்றிவிட்டுப் பேஸ்ட் பூசி மறுபடி இறுக்காமல் விட்டிருந்தால் அம்ப் சூடாகச் சூடாக பயஸும் ஏறிக்கொண்டே போகும். அதனால் அரை மணி நேரம் ஓடவிட்டு மூடியைப் போட்டு, பிறகு திரும்ப அளப்பேன். ஈரத்தில் ட்ரிம்பொட் பூத்துப்போவதும் இங்கே சகஜம். பயஸ் ட்ரான்ஸிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் ட்ரிம்பொட் இருக்கிற அம்பில் அதன் தொடர்பு விட்டுப்போனால் பயஸ் உச்சத்துக்குப் போய்விடும். சந்தேகமென்றால் புதிதாகவே மாற்றிவிடுங்கள்.

வேரியாக்குக்கும் இடம் உண்டு. வருடக்கணக்கில் மூலையில் கிடந்த அம்பின் கப்பாசிட்டரை மெல்ல எழுப்ப அது நல்லது. மாலையில் தோட்டத்து லைனில் வோல்டேஜ் விழும்போது அம்ப் எப்படி நடக்கும் என்று 200 வோல்ட்டில் வைத்துப் பார்க்கவும் அதுதான் வேண்டும். ஆனால் சாதாரண வேரியாக் மெயின்ஸிலிருந்து உங்களைப் பிரித்து வைப்பதில்லை, ஷோக் அடிக்காது என்று நம்பி உள்ளே கை விடாதீர்கள். சுவிட்சிங் பவர் சப்ளை உள்ள புது கிளாஸ் டி அம்புகள் பல்பில் தொடங்கித் தொடங்கி நிற்கலாம். அவற்றில் எனக்குக் கை அவ்வளவாகப் பழகவில்லை, அவற்றுக்கு என் பல்ப் பெட்டியைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

எதைப் பாவித்தாலும் பிளக்கைக் கழற்றியபின் பெரிய கப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தொடுங்கள்.