ஆர்க்கிவ்மேட்டிக்கா: பழகிக் கற்ற ஒரு பாதுகாப்பு மென்பொருள்

ஆர்க்கிவ்மேட்டிக்காவைச் சில ஆண்டுகளாக ஒரு சிறிய நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பைப் பாதுகாக்கப் பயன்படுத்தி வருகிறேன். கனடாவின் ஆர்டிஃபேக்சுவல் சிஸ்டம்ஸ் உருவாக்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளின் 1.0 பதிப்பு 2014-இல் வெளிவந்தது. விண்வெளித் தரவுகளைக் காப்பதற்காக விண்வெளி அமைப்புகள் கூடி வகுத்து, பின்னர் ஐஎஸ்ஓ 14721 என்ற தரமாக ஏற்கப்பட்ட ஓஏஐஎஸ் என்னும் காப்பக மாதிரியை இது பின்பற்றுகிறது. முதலில் அந்த மாதிரியைப் படித்துவிட்டு மென்பொருளுக்கு வர வேண்டும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. எனக்கோ, ஒழுங்கில்லாத சொந்தக் கோப்புகளை உள்ளே அனுப்பி, வெளிவருவதைத் திறந்து பார்த்த பிறகுதான் அதன் கலைச்சொற்களே பிடிபட்டன.

சொந்தக் கணினியில் பழகுவதற்கு, மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக இயக்கும் டாக்கர் வழி நிறுவலே போதும். தேடலுக்குப் பயன்படும் எலாஸ்டிக்சர்ச்சுக்காக லினக்ஸின் நினைவக வரைபட வரம்பை 262144 ஆக உயர்த்திவைக்க வேண்டும். மற்றவை கையேட்டில் உள்ளபடியே நடக்கும். மாதிரிக் கோப்புத் தொகுப்புகளும் கிடைக்கின்றன. முதல் ஓட்டத்துக்கு அவை உதவும் என்றாலும், நம் கோப்புகளில் உள்ள சிக்கல் எதையும் அவை காட்டித் தரா.

கோப்புறை ஒன்றை உள்ளே அனுப்பியதும் கிளாம்ஏவி வைரஸ் சோதனை செய்கிறது, ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது கோப்பு மாறியதா என்று சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற மதிப்பு, கணக்கிடப்படுகிறது, பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பிரோனம் என்ற கோப்பு வடிவப் பதிவேட்டைக் கொண்டு கோப்பு வடிவம் அடையாளம் காணப்படுகிறது. ஒரு படி வெற்றியானால் திரையில் அதற்குரிய வரி பச்சையாகும். முடிவு நம்மிடம் கேட்கப்படும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். இந்த முடிவுகளை முன்கூட்டியே பதிந்து முழுவதையும் தானியங்கியாக்க வசதி உண்டு. பழகும் காலத்தில் அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கினால், எந்தக் கட்டளை எந்தக் கோப்பின்மேல் ஓடியது, அது என்ன விடை தந்தது என்பது அப்படியே தெரியும். எந்தப் பாடநூலிலும் இந்த அளவு தெளிவு கிடைத்ததில்லை.

அதைவிட அதிகம் கற்றுத்தருவது, கடைசியில் உருவாகும் ஏஐபி என்னும் பாதுகாப்புத் தொகுப்பை வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்று, ஆர்க்கிவ்மேட்டிக்கா இல்லாமலேயே 7-ஜிப்பால் பிரித்துப் பார்ப்பது. உள்ளே, கோப்புகளையும் அவற்றின் செக்சம் பட்டியலையும் சேர்த்துக் கட்டும் பேக்இட் அமைப்பில் மூலக் கோப்புகள், வடிவம் மாற்றப்பட்ட பிரதிகள், பதிவுகள், தொகுப்பின் விவரங்களைச் சொல்லும் ஒரு நீண்ட மெட்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பு ஆகியவை இருக்கும். மேனிஃபெஸ்ட் என்ற பட்டியல் கோப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முறையில் கணக்கிட்ட 64 இலக்கச் செக்சம் எழுதப்பட்டிருக்கும். ஒரு கோப்பின் பிரதியில் ஒரு முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றி மீண்டும் கணக்கிட்டால் அந்த 64 இலக்கமும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். புதிதாகக் கற்க வருபவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். நாளை இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் தொகுப்பைச் சாதாரணக் கருவிகளால் திறந்து சரிபார்க்கலாம் என்பதே நான் இதைக் கைவிடாமல் இருப்பதற்கு முதல் காரணம்.

கோப்பு வடிவங்களை மாற்ற மென்பொருளில் முன்பே அமைந்துள்ள இயல்பு விதிகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஜேபெக் படங்களை அது டிஃப் வடிவத்துக்கு மாற்றி, மூலத்தோடு சேர்த்துச் சேமிக்கும். 4000-க்கு 3000 பிக்சல் அளவுள்ள ஒரு படம் ஜேபெக்கில் சில மெகாபைட்தான். சுருக்கப்படாத டிஃபில் 36 மெகாபைட் ஆகிவிடும். ஜேபெக்காகவே எடுக்கப்பட்ட படத்தில் இழந்த நுணுக்கம் டிஃபாக மாற்றுவதால் திரும்பி வரப்போவதில்லை. வன்தட்டு வாங்கக் கணக்குப் பார்க்கும் நூலகத்துக்கு இது வீண் செலவு. பாதுகாப்புத் திட்டமிடல் பகுதியில் அந்த விதியை நிறுத்திவைத்திருக்கிறேன்.

தமிழ்க் கோப்புகளைக் கையாள்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தமிழில் உள்ள கோப்புப் பெயர்கள் உள்ளே நுழையும்போதே ரோமன் எழுத்துக்கு மாற்றப்படுகின்றன. அகரம் ஏறிய எழுத்துகளில் அந்த அகரம் விடுபட்டு மெய்யெழுத்துகளே எஞ்சுவதால், 'கடிதம்' என்ற பெயரை மாற்றத்துக்குப் பின் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. மூலப் பெயர் மெட்ஸ் கோப்பில், பாதுகாப்பு விவரங்களைப் பதியும் பிரெமிஸ் பகுதியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலைப்புகளை உரிய தமிழ் வடிவில் மெட்டாடேட்டா (கோப்பு விவரக்குறிப்பு) அட்டவணையிலும் சேர்த்து அனுப்புவது இதனால் கட்டாயமாகிறது.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. யுனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான வேர்டு கோப்புகள் எந்தப் பழைய தமிழ்த் தொகுப்பிலும் ஏராளமாக இருக்கும். அவற்றை உள்ளே அனுப்பினால் வடிவம் வேர்டு 97-2003 என்று சரியாகவே அடையாளம் காணப்படும், செக்சம் பொருந்தும், எல்லா வரிகளும் பச்சையாகும். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ, 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தெரியும். மென்பொருளைப் பொறுத்தவரை அது குறையற்ற கோப்பு. வாசகருக்கு அது வெறும் குப்பை. பச்சை நிறம் உறுதிசெய்வது மென்பொருள் தன் வேலையை முடித்தது என்பதை மட்டுமே. ஆவணம் வாசிக்கத்தக்கதா என்பதைப் பிரோனம் எண்ணால் சொல்ல முடியாது; அதைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கும் மென்பொருளுக்குள்ளேயே வழி இருக்கிறது. கையால் செய்த மாற்றங்களுக்கென்று அது தனிக் கோப்புறை ஒன்றை ஏற்கிறது. யுனிகோடுக்கு மாற்றி மெய்ப்பு பார்த்த பிரதியை மூலக் கோப்பின் அதே பெயரில் அந்தக் கோப்புறையின் பாதுகாப்பு உட்பிரிவிலும், எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃபை வாசகர் பார்ப்பதற்கான அணுக்க உட்பிரிவிலும் வைத்து அனுப்பினால், இரண்டும் மூலத்தோடு பிணைக்கப்பட்டுப் பதிவாகும். எந்த எழுத்துரு, எந்த மாற்றி பயன்பட்டது என்ற குறிப்பை ஒப்படைப்பு ஆவணங்களுக்கான கோப்புறையில் சேர்த்துவிடுகிறேன். மெய்ப்புப் பார்க்கும் நேரம்தான் எல்லாவற்றையும் விட அதிகம் பிடிக்கிறது. அதைக் குறைக்க எந்த மென்பொருளும் உதவவில்லை.

சேவையகத்தைப் பராமரிக்க ஆள் இல்லாத நிறுவனங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிப்பு உயர்த்தும் வேலை ஒருவரின் நேரத்தைத் தொடர்ந்து கேட்கும். சில நூறு கோப்புகள் மட்டுமே இருந்தால், வடிவம் அறியப் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் டிராய்டும், கட்டிவைக்கப் பேக்இட் கருவி ஒன்றும் போதும். அவற்றில் கைபழகியவர்கள் பிறகு ஆர்க்கிவ்மேட்டிக்காவுக்கு மாற நேர்ந்தாலும், பேக்இட் தொகுப்புகளை அது நேரடியாக ஏற்பதால் முன்பு செய்த வேலை வீணாகாது.