கடற்காற்று முற்றத்துக்குப் புன்னையா, பூவரசா?

வேதாரண்யம் பக்கம் கடலைப் பார்த்த வீட்டுக்கு நிழல்மரம் எது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புன்னையும் பூவரசும்தான். வேம்பு அருமையான மரம், ஆனால் உப்புச்சாரல் நேராக அடிக்கும் இடத்தில் அதன் கொழுந்து கருகுகிறது. தண்ணீர் தேங்கினாலும் தாங்காது. சவுக்கு காற்றைத் தடுக்கும், கட்டில் போட்டுப் படுக்க நிழல் தராது. குல்மோகர் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையேறியபோது எங்கள் வாசல் குல்மோகர் வேரோடு சாய்ந்து திண்ணைக் கூரையை நொறுக்கிவிட்டது. வேரெல்லாம் மேல்மண்ணிலேயே படர்ந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூவரசு சீக்கிரம் வளரும். உப்புத் தண்ணீருக்கும் அசராது. பிள்ளைகளுக்குப் பீப்பீ ஊத இலை, கொழுக்கட்டை அவிக்கவும் அதே இலை. காலையில் மஞ்சளாக விரியும் பூ, சாயங்காலம் செம்மை ஏறி வாடும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும், அது ஒரு தொல்லை. இன்னொன்று முக்கியம்: எல்லோரும் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டித்தான் நடுகிறார்கள். போத்தில் வளரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. புயல் வரும் ஊரில் விதை போட்டு வளர்ப்பதே நல்லது.

புன்னைக்குப் பொறுமை வேண்டும். கொட்டையின் ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விட்டு நட்டால் முளைப்பு சீக்கிரம் வரும். அப்புறம் வளர்த்தி மெதுவாகத்தான். ஆனால் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல்போலத் தடிப்பு, எண்ணெய் தடவிய மினுமினுப்பு, நடுநரம்பிலிருந்து சீப்புப் பல்லாக நெருங்கி ஓடும் நரம்புகள். உப்பு மேலே படிந்தாலும் உள்ளே இறங்குவதில்லை, அடுத்த மழையில் கழுவிப் போகிறது. வருடம் முழுக்க இலை உண்டு, பங்குனி வெயிலிலும் மொட்டையாக நிற்காது. வெள்ளைப் பூவின் வாசம் வீட்டுக்குள் வரும். நெய்தல் நிலத்துக்கே உரிய மரம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுதான். குறை என்றால், உருண்டைக் காய்கள் உதிர்ந்து கிடந்து காலை வழுக்கும். தினமும் கூட்ட வேண்டும்.

ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால் என் கை புன்னைக்கே போகும். இடம் இருந்தால் வாடைக்காற்று வரும் வடகிழக்கு ஓரத்தில் பூவரசு, அதன் மறைவில் வீட்டிலிருந்து இருபதடி தள்ளிப் புன்னை. முதல் இரண்டு வருடம் கன்றுக்குக் கடல் பக்கமாகக் கீற்றுத் தட்டி ஒன்று கட்டிவிடுங்கள்.