ஏசியா, கிடுகா?

நாலு பேர் சேர்ந்து நடத்தும் பட்டறை, தகரக் கூரை. காண்டாவன வெயிலில் உள்ளே நிற்கவே முடியாது. 12,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். வெல்டிங் புகை போகக் கதவைத் திறந்தால் குளிரும் காசும் சேர்ந்தே போய்விடும்.

தகரத்தின்மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தால் வெயில் நேரே படாது. உள்ளிருந்து தகரத்தில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும். சீலிங் ஃபேனுக்கு 75 வாட் போதும். தென்மேற்கே யன்னலும், எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு திறப்பும் வைத்தால் சோளகக் காற்று உள்ளே புகுந்து சூட்டைத் தள்ளிவிடும். கிடுகை அடிக்கடி மாற்றவேண்டும், அது உண்மைதான். தீப்பொறி பறக்கிற பக்கம் கிடுகே வேண்டாம், வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள்.

கணினி வைத்திருக்கும் சின்ன அறைக்கு ஏசி சரி. ஆனால் தனி மீட்டர் போடுங்கள். தச்சுவேலை செய்பவர் ஏன் அந்தக் கரண்ட் காசைக் கட்டவேண்டும்?