ஓட்டுநர் பக்கக் கதவு ஸ்பீக்கரும் ஒரு நல்ல காரும்

நான் ஓட்டும் அதே மாடலைப் பழைய கார்ச் சந்தையில் பார்த்து வைத்திருக்கும் நண்பர், வாங்கலாமா என்று கேட்டிருந்தார். இன்ஜின், ஏசி, மைலேஜ், சஸ்பென்ஷன் எதிலும் எனக்குக் குறையில்லை. பல வருட ஓட்டத்துக்குப் பிறகும் அவை ஒழுங்காகவே இருக்கின்றன. இந்தக் காரில் என் பொறுமையைச் சோதித்த ஒரே பொருள் ஓட்டுநர் பக்கக் கதவு ஸ்பீக்கர்தான் என்பதால், அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அடியோடு போய்விட்ட ஸ்பீக்கர் என்றால் மாற்றிவிட்டு மறந்துவிடலாம். இதுவோ கதவை அறைந்து சாத்தினால் பாடும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடங்கும். கொஞ்ச தூரம் போனதும் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பாடும். தபேலாவை ஒரு பக்கமும் வயலினை மறுபக்கமும் பிரித்துப் பதிவு செய்த பழைய பாடல்களில், பாட்டில் பாதிதான் மிஞ்சும். அதைவிடத் தொல்லை, கைபேசி அழைப்பின் குரல் என் காரில் இந்த ஸ்பீக்கர் வழியாக மட்டுமே வருகிறது என்பது.

சர்வீஸ் சென்டரில் விட்டால், அவர்கள் கதவைத் திறந்து மூடும் அதிர்விலேயே ஒலி வந்துவிடும். ஜாப் கார்டில் ‘குறை தென்படவில்லை’ என்று எழுதித் தருவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதிரில் நிற்காத பழுதை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் அடுத்த முறை ஸ்பீக்கரை மாற்றிவிட்டு, அந்தப் புது ஸ்பீக்கரும் பழையதைப் போலவே விட்டுவிட்டுப் பாடியபோது, இடையில் ஓடும் வயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்டீரியோவையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பழுதைக் கண்டுபிடித்தவர் சென்னை ஜி.பி. ரோட்டுப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு கார் எலக்ட்ரீஷியன். அவர் முதலில் ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்புறத்தில் முன்பக்க ஸ்பீக்கர்களுக்குப் போகும் வலது, இடது வயர்களை மாற்றிக் கொடுத்தார். பழுது ஸ்டீரியோவில் இருந்திருந்தால் மௌனம் இடப்பக்கத்துக்குப் போயிருக்கும். அது வலப்பக்கத்திலேயே நின்றது. பிறகு அந்த வயர்களைக் கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரில் பிடித்தார். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 சொச்சம் காட்ட வேண்டும், காட்டியது. கதவை மெதுவாக ஆட்டச் சொன்னார். பாதி திறந்த நிலையில் எண் மறைந்தது. இரண்டு கீல்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர் உறையைக் கட்டைவிரலால் அழுத்தியதும் திரும்பி வந்தது.

கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அந்த உறைக்குள்தான் ஓடுகின்றன. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே இடத்தில் மடங்குகின்றன. அதிகம் திறக்கப்படுவது ஓட்டுநர் கதவு என்பதால் அங்கேதான் முதலில் அறுகிறது. உறையை விலக்கிப் பார்த்தால் வயரின் மேல்தோல் புதிதுபோல் இருந்தது. லேசாக இழுத்ததும் ஓரிடம் மட்டும் மெலிந்து நீண்டது. உள்ளே செம்பு இழைகள் ஒன்றுவிடாமல் அறுந்திருந்தன. முனைகள் தொட்டால் பாட்டு, விலகினால் மௌனம்.

அவர் மெல்லிய இழைகள் நிறைந்த புது வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, இணைப்புகளை மடங்கும் பகுதிக்கு வெளியே தள்ளி, சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டார். வெயிலில் பசை இளகிவிடும் என்று இன்சுலேஷன் டேப்பைத் தொடவில்லை. (அறுந்த வயருக்குப் பதிலாக ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியில் எர்த் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுமே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகின்றன. எர்த் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம்.) கூலி, ஸ்டீரியோ எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட வராத தொகை.

கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடி வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடியில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். அந்த நீர் உள்ளே வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை, ஸ்பீக்கர் மாற்றியவர்கள் கிழித்துத் தொங்க விட்டிருந்தார்கள். போன மழைக்காலத்தில் கால்மிதி ஏன் ஈரமாகவே கிடந்தது என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இவ்வளவு நன்றாக ஓடும் காரை வேண்டாம் என்பது நியாயமில்லைதான். ஆனால் சில அங்குல வயரில் சிக்கனம் பார்த்த கார் கம்பெனிமீது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. வாங்கியே தீர்வதென்றால், ஸ்டீரியோவில் இட, வல ஒலியைப் பிரிக்கும் பேலன்ஸை முழுதாக வலப்பக்கம் திருப்பிப் பாட்டை ஓடவிட்டு, ஓட்டுநர் கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். ஒலி விட்டுப்போனால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம்; பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் வயர்களும் அதே உறைக்குள்தான் மடங்கிக்கொண்டிருக்கின்றன.