பிள்ளை பெற்ற பிறகு வரும் பீரியட்ஸ் வலி: பொறுத்துப் பார்ப்பதா, மாத்திரை போடுவதா, டாக்டரிடம் போவதா?

"ஒரு பிள்ளை பெத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்." வயசுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுத்தான் வளர்கிறோம். இதில் பாதி உண்மை. கர்ப்பப்பை தன் உள்சவ்வை வெளியே தள்ளச் சுருங்கும்போது, புரோஸ்டாகிளாண்டின் என்கிற வேதிப்பொருளால் வருகிற சாதாரண வலி நிறையப் பேருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் குறைந்துதான் போகிறது. ஆனால் அதுவரை பெரிதாக வலியே தெரியாதவருக்குக் குழந்தை பிறந்த பிறகு புதிதாக வலி வந்தாலோ, இருந்த வலி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனாலோ, அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு மூன்று வழிகள்தான் பழக்கம். வெந்நீர் ஒத்தடமும் வெந்தயமுமாகப் பொறுத்துப் பார்ப்பது, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது, மகப்பேறு டாக்டரைப் போய்ப் பார்ப்பது. முதல் வழிக்கு நியாயமான இடம் இருக்கிறது. இரண்டாவதை அளவுக்கு மீறி நம்புகிறோம். மூன்றாவதற்கு வருஷக்கணக்கில் தாமதமாகப் போகிறோம். என் கருத்து இதுதான், ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராத சில நிலைமைகள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்வது, எலுமிச்சம்பழம் அளவு கட்டி கட்டியாக ரத்தம் போவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு வெள்ளையோ ரத்தமோ படுவது, தலைசுற்றி மயக்கம் வருவது. அப்புறம், நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாகச் சுருக்கென்று வலித்தால் கர்ப்பம் குழாயில் தங்கியிருக்கலாம், காப்பர் டி போட்டிருந்தாலும் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷன் ஆகியிருந்தாலும் அந்தச் சந்தேகம் தீராது. இதில் எது வந்தாலும் மாமியாரிடம் கேட்போம், காலையில் பார்ப்போம் என்று உட்கார வேண்டாம். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை ஆட்டோ பிடித்தாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, வந்திருப்பது பீரியட்ஸ்தானா என்பதே பலருக்குக் குழப்பம். பிரசவம் முடிந்து நாலு முதல் ஆறு வாரம் வரை படுகிற உதிரம் மாதவிலக்கு இல்லை. அது சிவப்பிலிருந்து பழுப்பாகி வெளிறிக் குறைந்துகொண்டே வர வேண்டும், குறைந்தது மறுபடி அதிகமானால் நஞ்சுத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்திலேயே பீரியட்ஸ் திரும்பிவிடும். முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ தள்ளிப்போகலாம். முதல் ஓரிரு சுற்று முன்பின்னாக, கொஞ்சம் அதிகமாக, கொஞ்சம் வலியோடு வந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பொறுத்துப் பார்ப்பது இந்த ஓரிரு சுற்றுக்குத்தான் பொருந்தும். வலி ரத்தம் பட ஆரம்பிக்கும்போது தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது, குழந்தையைத் தூக்க முடிகிறது, ராத்திரி தூங்க முடிகிறது என்றால் தாராளமாகப் பொறுக்கலாம். வெந்நீர் ஒத்தடத்தை யாரும் லேசாக நினைக்க வேண்டாம், இப்யூபுரூஃபன் மாத்திரைக்கு இணையாகவே அது வலியைக் குறைத்ததாக ஆய்வு முடிவுகள் இருக்கின்றன. சிசேரியன் ஆனவர்கள் மட்டும் ஜாக்கிரதை: தையலைச் சுற்றித் தோல் பல மாதம் மரத்தே இருக்கும், சூடு எவ்வளவு என்று தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். ரப்பர் பையைத் துண்டில் சுற்றி, முதலில் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வயிற்றில் வையுங்கள். வெந்தயம் மோரில் போட்டு விழுங்குவது, பெருங்காயம், ஓமத் தண்ணீர் எல்லாம் சமையல் அளவில் இருக்கும்வரை சரி. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே தெரியாத சூரணத்தைப் பால் கொடுக்கிற நேரத்தில் சாப்பிடாதீர்கள்.

பொறுப்பதில் இருக்கிற பெரிய குறை, அதற்கு யாரும் கெடு வைப்பதில்லை என்பதுதான். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய், குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசு வந்துவிடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று சுற்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் சும்மா பொறுக்காமல் காலண்டரிலோ போனிலோ குறித்து வையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், வலி பத்துக்கு எவ்வளவு, என்ன மாத்திரை போட்டீர்கள், அது கேட்டதா. உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலித்தால் அதையும் எழுதுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் சொல்ல வந்த பாதி மறந்துபோகும், இந்தக் குறிப்பு இருந்தால் மறக்காது.

இனி மாத்திரை. கடையில் போய் "அண்ணா, வயித்து வலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால், பட்டையிலிருந்து ரெண்டு மாத்திரை கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பால் கொடுக்கிறீர்களா, அல்சர் இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்பது அபூர்வம். நம் ஊரில் இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது மெஃப்டால் ஸ்பாஸ் மாதிரியான கூட்டு மாத்திரை. அதில் மெஃபனமிக் ஆசிட், டைசைக்ளோமின் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. டைசைக்ளோமின் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வேண்டாம் என்பதுதான் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிற எச்சரிக்கை, ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அதனால் மூச்சுக் கோளாறு வரக்கூடும். மெஃபனமிக் ஆசிட்டால் அபூர்வமாகச் சிலருக்கு டிரெஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமை வருவதாக இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் கடைசியில் எச்சரித்தது. மாத்திரை போட்ட சில வாரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலும் நெறிகட்டலும் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

பால் கொடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு பாராசிட்டமால் அல்லது இப்யூபுரூஃபன். இரண்டுமே பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும். பீரியட்ஸ் வலிக்கு இரண்டில் இப்யூபுரூஃபன் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அது புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே குறைக்கிறது. அதனால்தான் வலி உச்சிக்கு ஏறின பிறகு போடுவதைவிட ஆரம்பிக்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலன் அதிகம். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பிரசவத்தில் பிரஷர் ஏறிய கதை இதெல்லாம் இருந்தால் கேட்காமல் போட வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்து டெங்கு சந்தேகம் இருந்தால் இப்யூபுரூஃபன் கூடவே கூடாது.

மாத்திரை தப்பு என்று நான் சொல்லவில்லை. சாதாரண வலிக்கு அது நல்ல வழி. மாத்திரையை மட்டுமே நம்பி மாதாமாதம் ஓட்டுவதுதான் மூன்றிலும் மோசமான தேர்வு என்கிறேன், ஏனென்றால் அது வலியை அடக்கிவிட்டு, வலிக்குக் காரணமானதை அப்படியே வளரவிடுகிறது. போன வருஷம் ஒரு மாத்திரையில் அடங்கினது இப்போது மூன்று கேட்கிறது என்றால் அதுவே டாக்டரிடம் போவதற்குப் போதுமான காரணம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, டாக்டர் எதைத் தேடுவார்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரசவத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட காரணங்களே பல இருக்கின்றன. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதாவது இதைப் படிக்கிற தாய்மார்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையில் ஒரு தையல் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பு உள்பக்கம் சரியாகக் கூடாமல் சிறு பள்ளமாக நின்றுவிட்டால், பீரியட்ஸ் ரத்தம் அதில் தேங்கி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகும் பல நாள் பழுப்பாகச் சொட்டும், வலியும் இருக்கும். இன்னொன்று வெளித் தழும்பிலேயே வரும். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்குத் தையலின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு. மற்ற நாளில் தொட்டால்தான் தெரியும், தூரம் வரும் நாலு நாளும் வீங்கிக் கல்லு மாதிரி ஆகி, புடவைக் கொசுவம் பட்டாலே உயிர் போகும். தையல் நூல் கரையாமல் நிற்கிறது என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், ஆபரேஷன் நேரத்தில் கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு தோலுக்கடியில் ஒட்டி வளர்ந்திருக்கிறது. அதை அறுத்து எடுத்த பிறகுதான் நிம்மதி. இப்படி மாதாமாதம் தேதி பார்த்து வலிக்கிற கட்டி தழும்பில் இருந்தால் எந்த மாத்திரையும் எண்ணெயும் அதைக் கரைக்காது.

உள்சவ்வுத் திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பையின் சதைக்குள்ளேயே புகுந்து வளர்வது அடினோமயோசிஸ். முன்னது உலகில் பிள்ளை பெறும் வயசுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை பெற்றால் அது தீரும் என்பதற்காக மட்டும் யாரையும் கர்ப்பமாகச் சொல்லக்கூடாது என்று ஐரோப்பிய மருத்துவ அமைப்பின் 2022 வழிகாட்டி தெளிவாகவே சொல்லிவிட்டது. அடினோமயோசிஸ் குழந்தை பெற்றவர்களிடம், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அதிகம் தெரிய வரும். அடிவயிறு கனத்து, ரத்தப்போக்கும் அதிகமாகி, இடுப்பிலிருந்து தொடை வரை இழுக்கும். பைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பைக் குழாயில் தொற்று இவையும் பட்டியலில் உண்டு. ரத்தம் மிகக் குறைந்துபோய் வலி மட்டும் கூடினால், பிரசவத்துக்குப் பிறகு டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், கர்ப்பப்பையின் உள்சுவர்கள் ஒட்டிப்போயிருக்கலாம்.

கு.க. ஆபரேஷன் செய்ததால்தான் வலி என்று நம் பக்கம் பரவலாக ஒரு நம்பிக்கை. 2000-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அப்படித் தெரியவில்லை, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைந்த பக்கமே சாய்ந்திருந்தது. அதனால் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

காப்பர் டி கதை வேறு. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுவிடுவது இப்போது வழக்கம். அது முதல் மூன்று முதல் ஆறு மாதம் வலியையும் போக்கையும் உண்மையிலேயே கூட்டும், அப்புறம் பலருக்கு அடங்கும். பிரசவத்தோடு போட்டது நழுவி வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் நூல் நீண்டாலோ, கெட்டியான பிளாஸ்டிக் முனை விரலில் தட்டினாலோ ஆறு மாதக் கணக்குப் பார்க்காமல் போய்க் காட்டுங்கள். அடங்கவே இல்லை என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் உள்ள வளையத்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். லீவோநார்ஜெஸ்ட்ரல் மருந்தை மெதுவாக விடும் அந்த வளையம் ஆரம்ப மாதங்களில் விட்டுவிட்டுச் சொட்டவைத்தாலும், போகப் போக ரத்தத்தையும் வலியையும் குறைக்கும். அடினோமயோசிஸுக்கும் அதுவே நல்ல சிகிச்சை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளைப் பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் தவிர்க்கச் சொல்கிறார்கள், புரோஜெஸ்டிரான் வகை மட்டும் உள்ளவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

ஸ்கேனிலும் தேர்வு இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றின் மேல் எடுப்பதில் பைப்ராய்டு மாதிரிப் பெரிய கட்டிகள் தெரியும். தழும்புப் பள்ளமும் அடினோமயோசிஸும் பிறப்புறுப்பின் உள்வழியாக எடுக்கும் ஸ்கேனில்தான் நன்றாகத் தெரியும். கூச்சப்பட்டு அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பெண் டாக்டரே எடுக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லவே இல்லை என்று ஆகாது, வலி தொடர்ந்தால் மறுபடி போங்கள். போக்கு அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபினும் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, பால் கொடுக்கிற அலுப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அதுவாகவும் இருக்கலாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம், அங்கிருந்து தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு கொடுப்பார்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104-ல் கேட்கலாம். எங்கே போனாலும் கேட்டவுடன் சொல்ல நாலு விஷயம் தயாராக இருக்கட்டும்: சுகப்பிரசவமா சிசேரியனா, காப்பர் டி போட்டிருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா, முன்னால் வலி எப்படி இருந்தது இப்போது எப்படி மாறியிருக்கிறது.

முதல் தடவை போனதுமே "ரெண்டு பிள்ளை இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே சரி என்று தலையாட்டாதீர்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. நோயின் பெயர் என்ன, ஸ்கேனில் எங்கே தெரிகிறது, மருந்தோ வளையமோ வைத்து முதலில் பார்க்க முடியுமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வேறொரு மகப்பேறு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.