குக்கீ கிளிக்கர்: நெடுநாள் ஆடினால் தெரியும் சமநிலைக் குறைகள்

பிரெஞ்சு நிரலாளர் ஓர்தெய் 2013 ஆகஸ்டில் வெளியிட்ட குக்கீ கிளிக்கர், குக்கீயைக் கிளிக் செய்து சேர்த்து, அதைக்கொண்டு தானாகக் குக்கீ சுடும் 'கட்டடங்களை' வாங்கும் ஆட்டம். இது இன்றும் பிரவுசரில் இலவசமாக ஓடுகிறது. தானாக ஓடவிட்டு அவ்வப்போது எட்டிப்பார்க்கும் ஆட்டம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். மாதக்கணக்கில் ஆடினால் வேறொன்று புலப்படும்: திரையை விட்டுக் கண்ணெடுக்காதவருக்கே பலன் குவிகிறது. என் குறையும் யோசனைகளும் பெரும்பாலும் இதைப் பற்றியவை.

முதலில் பாராட்டு. விலைக் கணக்கு அருமை. ஒரு கட்டடம் வாங்கியதும் அதே வகையின் அடுத்த விலை 15% ஏறும். ஐந்து வாங்கினால் விலை இரட்டிக்கும், ஐம்பது வாங்கினால் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். அதனால் ஒரே கட்டடத்தைப் பிடித்துத் தொங்க முடியாது. எதை வாங்குவது என்ற குழப்பம் வந்தால் விலையை, அது கூட்டித்தரும் வினாடி உற்பத்தியால் வகுத்துப் பாருங்கள். அப்கிரேடு (உற்பத்தியைக் கூட்டும் மேம்பாடு) எதுவும் இல்லாத நிலையில், 'பாட்டி' என்ற கட்டடத்தில் 20ஆவது போட்ட காசை எடுக்க 1,423 வினாடி ஆகும். 12,000 குக்கீ விலையில் வினாடிக்கு 47 தரும் முதல் சுரங்கம் 255 வினாடியில் எடுத்துவிடும். ஆனால் 1, 5, 25, 50, 100 என்ற எண்ணிக்கைகளில் அந்தக் கட்டடத்தின் உற்பத்தியை இரட்டிக்கும் அப்கிரேடு திறக்கும். 46 பாட்டி கையிலிருந்தால் மீதி நான்கையும் வாங்கிவிடுவதே சரி.

சிக்கல் கோல்டன் குக்கீயில், அதாவது இடையிடையே திரையில் தோன்றி, கிளிக் செய்தால் ஏதாவதொரு பலன் தரும் குக்கீயில், தொடங்குகிறது. அதில் 'லக்கி' என்ற பலன் விழுந்தால் கையிருப்பில் 15% அல்லது 900 வினாடி உற்பத்தி, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். அதாவது முழுப்பலன் வேண்டுமென்றால் 6,000 வினாடி உற்பத்தியைச் செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வினாடிக்கு 10,000 குக்கீ வருகிறதென்றால் 6 கோடி கையிருப்புக்கு 90 லட்சம் கிடைக்கும். கையில் 1 கோடிதான் என்றால் வெறும் 15 லட்சம். வந்ததையெல்லாம் உடனே செலவு செய்யத் தூண்டுவதே ஆட்டத்தின் முழு அமைப்பும், அதில் இந்த வரம்பைச் சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை. புள்ளிவிவரப் பக்கத்தில் 'லக்கிக்குத் தேவையான கையிருப்பு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வேறெதையும் தொட வேண்டாம்.

கோல்டன் குக்கீயின் இன்னொரு பலனான ஃப்ரென்ஸி ஓடும்போது உற்பத்தி ஏழு மடங்கு, ஆகவே அந்தக் கையிருப்பும் 42,000 வினாடியாகிறது. ஆனால் ஆரம்பத்திலேயே இதற்காகச் சேர்த்துவைப்பது வீண். கோல்டன் குக்கீ 5 முதல் 15 நிமிட இடைவெளியில் வரும், ஃப்ரென்ஸியோ 77 வினாடிதான். 7, 27, 77 கோல்டன் குக்கீ கிளிக்குகளில் திறக்கும் மூன்று அப்கிரேடுகளும் வந்தபின் இடைவெளி கால்வாசியாகும், ஃப்ரென்ஸி 154 வினாடியாகும். ஒரு பலன் ஓடும்போதே அடுத்த பலன் விழுவது அப்போதுதான் நடைமுறையில் சாத்தியம்.

சமநிலை உடைவதும் அங்கேதான். ஃப்ரென்ஸியோடு, கிளிக்கின் பலத்தை 777 மடங்காக்கும் கிளிக் ஃப்ரென்ஸியும் சேர்ந்தால் கிளிக்கின் பலம் 7 × 777 = 5,439 மடங்கு. மவுஸ் அப்கிரேடுகளால் ஒரு கிளிக்குக்கு உற்பத்தியில் 5% வருகிறதென்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பத்து கிளிக் வீதம் 13 வினாடி அடித்தால், சாதாரண நிலையில் ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல் வரவேண்டிய குக்கீ கையில். விரைவாகக் கிளிக் செய்ய முடியாதவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இந்தப் போட்டியிலேயே இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் வினாடிக்கு ஐந்து கிளிக் என்று எண்ணும் வசதி வேண்டும். தவறவிட்ட கடைசி ஒரு கோல்டன் குக்கீ மட்டும் பாதிப் பலனோடு காத்திருக்கும்படி செய்யலாம். திரையில் விடாது இருப்பவரின் முழுப்பலன் இதனால் குறையாது.

பிரெஸ்டீஜுக்கு, அதாவது ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி நிரந்தரப் பலன் பெறும் நிலைகளுக்கு, ஒரு எச்சரிக்கை. மொத்தம் சுட்ட குக்கீயை லட்சம் கோடியால் வகுத்து, அதன் கனமூலம்தான் நிலை. நிலையை இரட்டிக்க எட்டு மடங்கு சுட வேண்டும். நிலைக்கு 1% கூடுதல் உற்பத்தி என்று சொன்னாலும், அதன் பலத்தை 5, 25, 50, 75, 100 விழுக்காடாகத் திறக்கும் ஐந்து அப்கிரேடுகளை ஒவ்வொரு சுற்றிலும் வாங்கினால்தான் முழுதாகக் கிடைக்கும். பத்தாம் நிலையிலேயே அவசரப்பட்டு மறுதொடக்கம் செய்பவர் ஏமாந்துபோகிறார்.

கட்டடங்களின் நிலையை உயர்த்தச் செலவாகும் சர்க்கரைக் கட்டிதான் ஆகப் பெரிய இழுபறி. ஒன்று பழுக்க 23 மணி நேரம், 20 மணியில் பறித்தால் கிடைப்பது பாதி வாய்ப்புதான். முதல் நான்கையும் மந்திரவாதி கோபுரம், கோயில், பண்ணை, வங்கி நான்குக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சிற்றாட்டங்களைத் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பண்ணை. அதன் சிற்றாட்டமான தோட்டம் 6×6 அளவுக்கு விரிய ஒன்பதாம் நிலை வேண்டும், நிலை எண்ணிக்கையே விலை என்பதால் மொத்தம் 45 கட்டி. ஏறக்குறைய ஒன்றரை மாதம் வேறெதற்கும் செலவழிக்காமல் இருந்தால்தான் தோட்டம் முழுதாகும். செடிக்கலப்புதான் இந்த ஆட்டத்தின் மிகச் செழிப்பான பகுதி. பண்ணைக்கு மட்டும் ஆறாம் நிலைக்கு மேல் விலை உயராமல் ஆறு கட்டியிலேயே நிறுத்தினால் மொத்தம் 39 ஆகும். பலசாலிகளுக்கு ஒன்றும் கெடாது, புதியவர் ஏறக்குறைய ஆறு நாள் முன்னதாகவே தோட்டத்தை முழுதாக ஆளலாம்.